பெல்டுக்கு வைத்த நேர்த்தி

பிள்ளைகள், மாஸ்டர் எனக்கு ஒரு கொப்பி வாங்கித் தந்து, "உனக்குத் தெரிஞ்சதை எழுதி வை, புதுசா வாற பிள்ளையள் வாசிக்கட்டும்" என்றார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வெறுங் கொப்பியை மூன்று நாள் அம்மாளின் படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, இப்போது மல்யுத்தப் பயிற்சிக் கொட்டிலில் வந்திருந்து எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி விழுவது, எப்படி நோகாமல் அறைவது என்பதையெல்லாம் மாஸ்டர் காட்டித் தருவார். அதை நான் எழுதப் போவதில்லை. றிங்குக்குள் நின்றபடி அவசரமாக யோசிக்க வேண்டி வந்த ஒரு பின்னேரத்தைப் பற்றி எழுதுகிறேன். அதை நினைத்தால் சோறு வடிக்கும்போதுகூடத் தனியாகச் சிரிப்பு வருகிறது. கஞ்சி காலில் ஊற்றுப்பட்டாலும் நிற்பதில்லை.

ஒன்றை முதலில் சொல்லவேண்டும். நீங்களும் என்னைப் போலவே கொட்டிலடி வைரவர் சூலத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தவர்கள். யார் வெல்வது, யார் தோற்பது என்று நாங்கள் முதலே தீர்மானித்துக்கொண்டுதான் ஏறுகிறோம் என்பதை வெளியில் ஒருவருக்கும், வீட்டுக்காரருக்கும் சொல்லக் கூடாது என்ற சத்தியம். ஆகவே உங்களுக்கு எழுதுவதில் குற்றமில்லை. ஆனால் இந்தக் கொப்பி கொட்டிலை விட்டு வெளியே போகக் கூடாது. முக்கியமாக என் வீட்டுக்காரர் கையில் அகப்படக் கூடாது.

மாஸ்டர் என்னைப் பிடித்தது சந்தையில். என் வீட்டுக்காரர் லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டிச் சாமான் ஏற்றி ஓட்டுபவர். ஒருநாள் வெங்காய மூட்டைகளோடு பெட்டியின் சில்லு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. நாலு ஆம்பிளைகள் கூடி நின்று எப்படித் தூக்கலாம் என்று கதைத்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அன்று விரதம். வீட்டுக்குப் போய்ச் சமைத்துப் படைக்க வேண்டும். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, "விலகுங்கோ" என்று சொல்லி, பெட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். எதிர்க்கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த மாஸ்டர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு வந்தார். என்னோடு கதைக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம், "அண்ணை, உங்கடை மனிசி மல்யுத்தம் செய்வாவோ?" என்று கேட்டார்.

இவர் சில்லில் ஒட்டின சேற்றைத் தட்டிவிட்டார். "என்னோடை செய்யிறேல்லை," என்றார். "வேறை ஆரோடையும் எண்டால் அவவைத்தான் கேக்கவேணும்."

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. மாஸ்டர் எனக்குக் கொடுத்த வேடம் கொடுமைக்கார மாமி. முழுக்கைச் சட்டை, கணுக்கால்வரை காற்சட்டை, அதற்கு மேலே குறுக்கே கட்டின சேலைத் துண்டு, இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. அந்தச் சாவிக்கொத்தைக் கிலுக்கிக்கொண்டு நான் றிங்கில் ஏறினால், புதிதாகக் கலியாணம் கட்டின பெண்கள் எல்லாம் எழும்பி நின்று கூவுவார்கள். தின்ற கச்சான் கடலையின் கோது என்மேல் பறக்கும். ஒருமுறை சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு பெண், கைக்குழந்தையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, இரண்டாவது செருப்பைக் கழற்றினாள். முதலாவது செருப்பு அதற்கு முன்பே என் தோளில் பட்டிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு இரண்டு செருப்பையும் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

"குறை நினையாதேங்கோ அன்ரி," என்றாள். "நீங்கள் இடுப்பிலை கை வைச்சுக்கொண்டு நிண்டது அப்பிடியே என்ரை மாமி."

எனக்கு வந்த முதல் பாராட்டு அதுதான்.

மாமி என்றால் எப்போதும் தோற்கத்தான் வேண்டும். அரைமணி நேரம் மருமகளைப் போட்டு உழக்கி, கடைசியில் மருமகள் எழும்பி மாமியைப் புரட்டிப் போட்டு, தோளிரண்டையும் றிங்கில் விரித்த தறப்பாளில் அமுக்கி, நடுவர் மூன்று எண்ணும்போது சனம் வீட்டுக் கோபம் எல்லாம் தீர்ந்து எழும்பிப் போகும். பன்னிரண்டு வருடம் நான் தோற்றேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. நன்றாகத் தோற்கத் தெரிந்தவள் இல்லையென்றால் வெல்பவளுக்கு வேலையே இல்லை. இதைப் புதுப் பிள்ளைகள் நன்றாக மனத்தில் வையுங்கள்.

குறை இருந்தது என் வீட்டுக்காரருக்கு.

முதற் சண்டைக்கு முதல்நாள் அவர் பிள்ளையாரிடம் போய், "இவ வெண்டால் ஒரு தேங்காய் உடைக்கிறன்" என்று நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். தோற்றேன். "ஒரு தேங்காய் பிள்ளையாருக்குக் கண்ணிலை படேல்லைப் போலை," என்று அடுத்த சண்டைக்கு மூன்றாக்கினார். தோற்றேன். பதினொன்று. தோற்றேன். நூற்றியெட்டு என்று போனபோது, ஊரில் தேங்காய் விற்கும் விலைக்கு எனக்கே நெஞ்சு பக்கென்றது. ஆனால் தோற்றேன். பிறகு பிள்ளையாரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அம்மன் கோயிலுக்கு மாறினார். பொங்கல், மொட்டை, வீட்டிலிருந்து கீரிமலைவரை வெறுங்காலோடு நடை என்று நேர்த்தி வளர்ந்துகொண்டே போனது. ஒன்றையும் அவர் நிறைவேற்ற வேண்டி வரவில்லை. அம்மாள் மாஸ்டரின் தீர்மானத்தில் ஒருநாளும் கை வைக்கவில்லை.

நான் விட்ட பிழை இதுதான். உண்மையைச் சொல்ல ஏலாது, சத்தியம். ஆனால் "நேர்த்தி வைக்காதேங்கோ" என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்படியும் தோற்கத்தானே போகிறோம், மனுசன் ஆசைக்கு வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்காக ஒருவர் சாமியோடு இப்படி மல்லுக்கட்டுவது உள்ளுக்குள் இனிப்பாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வருடம் மாஸ்டர், வெல்பவளுக்குக் கட்டிவிட ஒரு பெல்ட் செய்வித்தார். பித்தளைத் தகடு, நடுவில் சூரியன். எனக்கு எதிராக மருமகள் வேடம் கட்டியவள் சுகி, பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை, இருபத்துநாலு வயது. பெல்ட் அவளுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "கொழும்புத்துறையிலை பெல்ட் சண்டை. மாமிதான் வெல்லுறா," என்றார்.

நான் சுகியைப் பார்த்தேன். அவள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நான்தான் மாஸ்டரைக் கேட்டனான்," என்றாள். "எத்தனை வருசம் எங்களுக்கெல்லாம் கீழை விழுந்தனீங்கள் அக்கா. ஒருக்கால் மேலை நிண்டு பாருங்கோ."

அன்று வீட்டுக்குப் போய்க் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். வீட்டுக்காரர் அதையும் தின்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றார். இவர் பெரிதாக ஏதோ நேர்த்தி வைக்கப் போகிறார் என்று அந்தப் பார்வையிலேயே நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சண்டை நாள் பின்னேரம் மூன்றரை மணி. கடற்கரைப் பக்கத்து விளையாட்டுத் திடல். தறப்பாள் மறைப்புக்குள் நான் சாவிக்கொத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்காரர் திருநீற்றுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

"இஞ்சாரும், இண்டைக்கு நீர் வெல்லுறீர்."

"அம்மாள் விட்ட வழி."

"வழியெல்லாம் அடைச்சுப்போட்டன். இந்தமுறை அவவாலை தப்பேலாது."

நான் சாவிக்கொத்தைக் கட்டுவதை நிறுத்தினேன். "என்ன வைச்சனீங்கள்?"

அவர் கூரையைப் பார்த்தார். "தூக்குக்காவடி."

பிள்ளைகள், நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதுகிலும் காலிலும் செடில் என்கிற கொக்கிகளைத் தசைக்குள் குத்தி, மேலே மரத்தில் கட்டி, பறக்கும் பருந்து மாதிரி ஆளைத் தொங்கவிட்டு ஊர் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். நல்ல உடம்புக்காரர் எடுக்கலாம். என் வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம். அதற்கு முந்தின வருடம் கால் பெருவிரலில் குத்தின ஒரு முள் நாலு மாதம் ஆறவில்லை. கிளினிக்குக்கு ஏறி இறங்கி, விரலை எடுக்க வேண்டி வருமோ என்று பயந்து, ஒருபடியாகத் தப்பினார். இனி ஒரு கீறல்கூடப் படக்கூடாது என்று டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"உங்களுக்குச் சீனி. டொக்டர் என்ன சொன்னவர்?"

"டொக்டர் காவடியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"திருப்பி எடுங்கோ."

"சாமிக்குச் சொன்னதை ஆரும் திருப்பி எடுப்பினமோ? திருவிழாவுக்குப் பன்ரண்டு நாள்தான் கிடக்கு. ஐயரிட்டைப் பேரும் குடுத்தாச்சு. எங்கடை லாண்ட்மாஸ்டரிலையே மரத்தைக் கட்டலாம், வாடகையும் மிச்சம்." என் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு, முன்வரிசைக் கதிரை பறிபோய்விடும் என்று ஓடிவிட்டார்.

நான் மாஸ்டரிடம் ஓடினேன்.

"மாஸ்டர், நான் இண்டைக்கும் தோக்கிறன்."

"பன்ரண்டு வருசம் தோத்தது காணாதோ?"

விசயத்தைச் சொன்னேன். மாஸ்டரும் சாமிக்குப் பயந்த மனுசன். அதுதான் வினையாகப் போனது. நெற்றியைச் சுருக்கினார்.

"சாமிக்கு வைச்ச நேர்த்தியை நான் குறுக்கை நிண்டு குழப்பினால் அந்தப் பாவம் எனக்குத்தான். அம்மாள் அவரைப் பாத்துக்கொள்ளுவா. நீ போய் வெல்லு."

"அப்ப அவருக்கு உண்மையைச் சொல்லவோ?"

"வைரவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்," என்றார் மாஸ்டர். பிறகு, எல்லாருக்கும் அவர் சொல்லும் சட்டத்தை எனக்கும் ஒருமுறை சொன்னார். தீர்மானத்தை மாற்றுகிறவள் அடுத்த நாள் வேலை போய் வீட்டில். அது வென்றவளுக்கும் பொருந்தும், தோற்றவளுக்கும் பொருந்தும்.

அதற்குள் ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஏறினேன். சனம் கூவியது. முன்வரிசையில் ஒருவர் மட்டும் கைகூப்பிக்கொண்டு இருந்தார். சாவிக்கொத்தைக் கிலுக்கினேன். மணி அடித்தது. முதல் பிடியிலேயே சுகியின் தலையைக் கக்கத்துக்குள் இறுக்கி, என் தலைமயிரால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னேன்.

"பிள்ளை, நான் தோக்கப்போறன்."

"விசரே அக்கா? நீங்கள்தான் வெல்லுறது."

"நீ வெல்லு."

"நான் மாட்டன்."

இதற்கு மேல் கதைக்க நேரமில்லை. அவள் என்னைத் தள்ளினாள், சும்மா ஒரு தள்ளு, வாசற்படலையைத் தள்ளுகிற மாதிரி. நான் பனைமரம் விழுந்ததுபோலப் பொத்தென்று மல்லாந்து விழுந்து, தோளிரண்டையும் தறப்பாளில் ஒட்டிக்கொண்டு கிடந்தேன். வந்து அமுக்கவேண்டியதுதான். அவளோ தலை சுற்றியவள்போல இரண்டு சுற்றுச் சுற்றி, எனக்குப் பக்கத்தில் தானும் விழுந்து, என் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டாள். நடுவர் அண்ணை, அவர் முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், குனிந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

இப்படி மூன்று தரம். நான் விழுவதும், அவள் எனக்குக் கீழே வந்து விழுவதுமாக. ஒருமுறை நான் அவளைத் தூக்கி என்மேல் போட்டுக்கொண்டேன். அவள் வாழைக்குலை மாதிரி உருண்டு மற்றப்பக்கம் இறங்கி, தான் கீழே படுத்தாள். சனத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இப்படி ஒரு சண்டையை அவர்கள் கண்டதில்லை. நாங்களும் கண்டதில்லை. நடுவர் அண்ணை முழங்காலில் நின்று, "ஆரையடி நான் எண்ணுறது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்து குரல் கேட்டது. நான் விழுந்து கிடந்த இடத்துக்கும் அவர் கதிரைக்கும் ஆறடிதான்.

"அம்மாளே, அவவை எழுப்பு. அலகும் குத்துறன்."

அலகு என்றால் கன்னத்துக்குக் குறுக்காகக் குத்தும் வேல். நான் பதறி எழும்பினேன். சுகி என் கையைப் பிடித்து முறுக்கினாள், கால் தடுக்கி உண்மையாகவே விழுந்தேன்.

"அம்மாளே, நாக்கிலையும் ஒண்டு."

நான் ஒவ்வொரு தரம் விழும்போதும் என் மனுசனின் உடம்பில் ஒரு ஓட்டை கூடிக்கொண்டு போனது. வென்றால் இவ்வளவும் செய்தே தீருவார். தோற்கலாம் என்றால் சுகி விடுகிறாள் இல்லை. தோற்பதற்காக விழுந்தால் நேர்த்தி ஏறுகிறது. இனிமேல் விழவே கூடாது என்று எழும்பி, சுகியைப் பிடித்துப் போட்டு அடிக்கத் தொடங்கினேன். முன்வரிசையில் சத்தம் அடங்கியது. மனுசன் சிரித்துக்கொண்டு இருந்தார். எனக்கு மூச்சு வந்தது. அந்தச் சந்தோசத்தில் சுகியைக் கொஞ்சம் கூடுதலாகவே புரட்டிவிட்டேன் போல, அவள் நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து கிடக்க, நான் அவள்மேல் விழுந்திருந்தேன். நடுவர் அண்ணைக்கும் நிம்மதி. ஒன்று என்றார். இரண்டு என்றார். நான் ஒரு கையால் அவளை அமுக்குவதுபோலக் காட்டிக்கொண்டு மூன்று சொல்ல முன்னம் மற்றக் கையால் அவள் தோளுக்குக் கீழே பிடித்து மேலே தூக்கினேன். அவள் தோளைக் கீழே அமுக்கினாள், நான் மேலே தூக்கினேன். எழுபத்தெட்டுக் கிலோ மாமி நான், மேலே படுத்துக்கொண்டு, கீழே கிடக்கிற மருமகளைத் தோற்கவிடாமல் முக்கிக்கொண்டு கிடந்தேன்.

வியர்வை கண்ணுக்குள் போனது. அப்போதுதான் யோசித்தேன். நான் மனுசனிடம் கேட்டேன், மாஸ்டரிடம் கேட்டேன். என்னோடு றிங்குக்குள் நிற்கும் பிள்ளைக்கு இன்னும் காரணத்தைச் சொல்லவில்லை.

அவளை மூலைக் கயிற்றுக்குக் கொண்டுபோய், கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காதுக்குள் சொன்னேன்.

"அத்தான் தூக்குக்காவடி வைச்சிருக்கிறார். நான் வெண்டால் எடுக்கிறதெண்டு. சீனி வருத்தக்காரன். இப்ப அலகும் நாக்கும் சேந்திருக்கு."

அவள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு உடம்பு குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறாள். மூச்சுவிட ஏலாமல் சிரிக்கிறாள். தோள் குலுங்குவதைக் கண்ட சனம் மருமகள் அழுகிறாள் என்று எழும்பிவிட்டது.

"விடடி அவளை!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "தாயில்லாப் பிள்ளையெண்டு நினைச்சியோ?"

"அக்கா," என்றாள் சுகி, சிரிப்பும் இழுப்புமாக, "மெய்யாவோ?"

"முன்வரிசையைப் பார்."

பார்த்தாள். சிரிப்பு நின்றது. மெதுவாகச் சொன்னாள், "நான் வெண்டால் மாஸ்டர் என்னை நிப்பாட்டுவார் அக்கா. வீட்டிலை தம்பியவை ரெண்டு பேர் படிக்கினம்."

அவள் சொன்னது நியாயம். என் மனுசனின் தோலைக் காக்க இன்னொரு வீட்டு அடுப்பை அணைக்க ஏலாது. மாஸ்டர் றிங்கடியில் நின்று, முடி, முடி என்று கையைக் காட்டுகிறார். அம்மாளே என்று ஒருக்கால் கண்ணை மூடினேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை, நேர்த்தியும் வைக்கவில்லை. வீட்டில் ஒருவர் வைத்தது போதும்.

"அப்ப ஒருத்தரும் வெல்லவேண்டாம்," என்றேன்.

"அப்பிடி ஒண்டு இருக்கோ?"

"இண்டைக்கு இருக்கு. என்னைப் பின்னாலை கட்டிப்பிடிச்சுத் தூக்கு. தூக்கிக்கொண்டு நீயும் பின்னாலை விழு. ரெண்டு பேற்றை தோளும் ஒண்டா நிலத்திலை படவேணும். விழுந்த பிறகு ஆரும் அசையிறேல்லை."

"உங்களையோ? தூக்கிறதோ?"

"வெங்காயச் சாக்கெண்டு நினை."

இதைப் படித்துவிட்டு நீங்கள் ஒருவரும் செய்து பார்க்கக் கூடாது. நாங்கள் பழகாத பிடி அது. பிசகியிருந்தால் என் கழுத்தோ அவள் கழுத்தோ போயிருக்கும். அவள் என் இடுப்பைக் கட்டினாள். நான் தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு ஒட்டினேன். அவள் "முருகா" என்றது கேட்டது. என் கால் இரண்டும் நிலத்தை விட்டன. வானம் தெரிந்தது, கடலில் ஒரு வள்ளம் தலைகீழாகத் தெரிந்தது, அவ்வளவுதான். விழுந்தபோது றிங்குப் பலகை துப்பாக்கி வெடித்த மாதிரி அதிர்ந்தது. சுகியின் இரண்டு கையும் என் இடுப்பில் பூட்டினது பூட்டினபடி இருந்தன. நாலு தோளும் தறப்பாளில்.

நடுவர் அண்ணை இந்தப் பக்கம் குனிந்து என் தோளைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஓடி அவள் தோளைப் பார்த்தார்.

"எண்ணுங்கோ அண்ணை," என்றேன்.

"எண்ணுங்கோ," என்றாள் எனக்குக் கீழே இருந்து சுகி, "நசியிறன்."

ஒன்று. இரண்டு. மூன்று.

எண்ணி முடித்துவிட்டு, தான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்காமல், எங்கள் இரண்டு பேருடைய கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுவார்போல நின்றார். சனம் பார்ப்பதற்குக் கதிரைமேல் ஏறியது. பிறகு ஒரு கைதட்டு எழும்பியது, அப்படி ஒன்றை நான் பிறகும் கேட்டதில்லை. எனக்குக் கோது எறிந்தவர்களும் தட்டினார்கள். எல்லாரும் திரும்பச் சண்டை வேண்டும் என்று கத்தினார்கள். மாஸ்டரின் முகம் கறுத்து, சிவந்து, பிறகு சனத்தைத் திரும்பிப் பார்த்தவுடன் மெதுவாக மலர்ந்தது. தீர்மானத்தை மாற்றியது யார் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. ஒருவரும் வெல்லவில்லை, ஒருவரும் தோற்கவில்லை. "வாற மாசம் திரும்பவும்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும் எழும்பவில்லை. பக்கத்துக் கதிரைக்காரரிடம், "இப்ப இது வெண்டதோ, இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஐயரிடம் போனார். நானும் கூடப் போனேன். ஐயர் முழுக்கதையையும் கேட்டார். தூக்குக்காவடி, அலகு, நாக்கு எல்லாவற்றையும் கேட்டார். என்னையும் ஒருக்கால் பார்த்தார்.

"வெல்லாத சண்டைக்குச் செடில் எதுக்கு?" என்றார். "அம்மாள் உம்மடை மனிசியை முழுசாத் திருப்பித் தந்திருக்கிறா. ஒரு பாற்செம்பு எடுத்துக்கொண்டு வந்து நன்றி சொல்லும்."

திருவிழா அன்று இரண்டு பேரும் தலையில் பாற்செம்போடு வெறுங்காலில் நடந்தோம்; அவர் கால் வைக்கும் இடமெல்லாம் நான் முள் பார்த்துக்கொண்டு போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு இளந்தாரி தூக்குக்காவடியில் போனான். அவன் முதுகில் தோல் கூடாரம் மாதிரி இழுபட்டு நின்றது. என் வீட்டுக்காரர் அதைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பால் வார்த்துக் கும்பிட்டுவிட்டு, லாண்ட்மாஸ்டரில் ஏறித் திரும்பி வரும்போது, வழியில் ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"உம்மட்டை ஒண்டு சொல்லவேணும்," என்றார். "நீர் வெல்லாமல் போனது என்னாலைதான்."

எனக்குத் திடுக்கிட்டது. யார் சொல்லிக்கொடுத்தது என்று பயந்தேன்.

"வாயாலை நேர்த்தி வைச்சிட்டன். ஆனால் மெய்யாப் பயமாக் கிடந்தது. கொக்கி குத்திறதை நினைச்சு, சண்டைக்கு முன்னம் ரெண்டு கிழமை நித்திரை இல்லை. நீர் விழேக்கை எல்லாம் வாய் அலகு, நாக்கு எண்டு கத்துது. உள்ளுக்கை இன்னொண்டு, பரவாயில்லை, தோக்கட்டும் எண்டு சொல்லுது. அம்மாள் ரெண்டையும் கேட்டிட்டா. அதுதான் சமனாக்கினவ." கண்ணைத் துடைத்தார். "பன்ரண்டு வருசத்திலை உமக்கு வந்த ஒரு பெல்ட். என்ரை பயத்தாலை போச்சு."

பிள்ளைகள், நான் என்ன சொல்வது. ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. சத்தியம் ஒரு பக்கத்தால் வாயைப் பொத்துகிறது. அம்மாள் இரண்டையும் கேட்டது மெய்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். மாஸ்டர் தீர்மானித்தார், நான் தீர்மானித்தேன், சுகி தூக்கினாள், எல்லாம் சரி. ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்து நாலு தோளும் ஒரே நேரத்தில் பட்டது எங்கள் கெட்டித்தனம் என்று சொன்னால் என் நாக்கில் அலகு குத்தவேண்டும்.

அவர் கையைப் பிடித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாற மாசம் திரும்பவும் சண்டை இருக்குத்தானே," என்றார். "இனிப் பயப்பிடமாட்டன். மனசைத் திடப்படுத்திப்போட்டன். அடுத்த திருவிழாவுக்குத் தூக்குக்காவடி அப்பிடியே நிக்குது." எஞ்சினைத் திரும்ப இயக்கினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாஸ்டரின் வீட்டு வாசலில் நின்றேன். விலகுகிறேன் என்றேன். பெல்டைச் சுகிக்குக் கொடுங்கள், அவளுக்கு எதிராக வேறு மாமியைப் போடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சாமி விசயம் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, ஓம் என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். றிங்கில் ஏற முன்னம், வீட்டில் யார் என்ன நேர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். உள்ளே ஒரு சிக்கல் வந்தால், முதலில் எதிரே நிற்பவளுக்குச் சொல்லுங்கள். உங்கள் கழுத்து அவள் கையில் இருக்கிறது. அவளுக்கு விளங்கினால் மற்றவர்களுக்கு மெதுவாக விளங்கப்படுத்தலாம், விளங்காமலும் விடலாம்.

விலகின அன்று மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது சொன்னேன், நான் விலகிவிட்டேன் என்று. சோற்றில் வைத்த கையை எடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றத்தை நான் கண்டதில்லை.

"நான் துணிஞ்சு நிக்கேக்கை," என்றார், "நீர் பயந்திட்டீரே."

"ஓம்," என்றேன். "நல்லாப் பயந்திட்டன்." அவர் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டேன்.